மலைக்குப் போகும் மாதமும் காடு எரியும் மாதமும்

சித்திரை பிறந்து பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும் செட்டிநாட்டு வீடுகளில் கொடைக்கானல் பேச்சு எழுந்துவிடும். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாக ஏறத்தாழ 200 கிலோமீட்டர்; விடியுமுன் கட்டுச்சோற்றுடன் கிளம்பினால் மதியத்துக்குள் மலையில் இருக்கலாம். கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டர்கூட உயரமில்லாத நம் ஊரின் வெக்கையிலிருந்து 2,100 மீட்டர் உயரத்துக்கு அரை நாளில் போய்விடலாம் என்பதுதான் அந்த ஊரின் மேல் நமக்குள்ள பிடிப்புக்கு முதற்காரணம். ஆனால் அறைக்கு முன்பணம் கட்டி, மலைக்கு வண்டியில் போவதற்கான இணைய அனுமதிச்சீட்டான இ-பாஸும் எடுத்துவைத்த பிறகு, கொடைக்கானலுக்கு மேற்கே உள்ள மேல்மலைக் கிராமங்களின் பக்கம் காட்டுத்தீ என்ற செய்தி வருவது இப்போது அடிக்கடி நடக்கிறது. 2024 ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும் பூம்பாறை, மன்னவனூர் பக்கத்துக் காடுகள் பற்றி எரிந்தபோது, அப்பகுதிக்குச் சுற்றுலாப் பயணிகள் செல்வதை வனத்துறை நிறுத்திவைத்தது.

அப்படிச் செய்தி வந்ததும் வீட்டில் இரண்டு குரல்கள் கேட்கும். ‘மலையே எரிகிறது, போகவே வேண்டாம்’ என்பது ஒன்று. ‘எங்கோ காட்டில் எரிந்தால் ஊருக்கு என்ன வந்தது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது மற்றொன்று. இரண்டுமே சரியல்ல என்பது என் கருத்து. புகை மலை முழுவதும் ஒரே சீராகப் பரவுவதில்லை; எந்தச் சரிவில் எரிகிறது, நாளின் எந்த நேரம், காற்று எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து ஒரே ஊரில் ஒரு தெரு தெளிந்தும் ஒரு தெரு மூச்சு முட்டியும் இருக்கும். ஆகவே முடிவெடுப்பதற்கு முன் தீ எப்படி வருகிறது, புகை எப்படி நகர்கிறது, வண்டியில் ஏறப்போகிறவர்களின் நுரையீரல் எப்படி இருக்கிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் தீயைப் பற்றி. பழனி மலைத்தொடரின் கிழக்குப் பகுதிக்கு ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய ஆதாரம். அது ஓய்ந்த பிறகு மார்கழியிலும் தையிலும் உயரமான புல்வெளிகளில் உறைபனி விழுகிறது. நம் ஊர்க் காவடிகள் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் தைப்பூச நாட்களில், அதே மலையின் உச்சிப் புற்கள் பனியில் கருகிக் காய்ந்துகொண்டிருக்கின்றன. மாசியில் வெயில் ஏறுகிறது, காற்று வறள்கிறது. பங்குனிக்குள் அந்தப் புல் வைக்கோலாகிவிடுகிறது. கோடைமழை சரியான நேரத்தில் இறங்கிவிட்டால் தீயின் பருவம் அத்துடன் முடிந்துவிடும். பசிபிக் கடல் சூடேறி மழையின் போக்கைக் குலைக்கும் எல் நினோவின் தாக்கம் இருந்த 2024-ஐப் போல மழை தள்ளிப்போனால், தீயின் பருவமும் சுற்றுலாப் பருவமும் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழுகின்றன.

காய்ந்த புல் மட்டும் எரிந்தால் தீ வேகமாக ஓடினாலும் விரைவில் அணைந்துவிடும். அந்த மலைகளின் இயல்பான அமைப்பு அதற்கு ஏற்றதாகவே இருந்தது: முகடுகளிலும் சரிவுகளிலும் புல்வெளி, மடிப்புகளில் ஈரம் காத்து நிற்கும் சோலைக்காடு. சோலையின் விளிம்புக்கு வந்ததும் தீ தானாகத் தளர்ந்துவிடும். அந்த அமைப்பைக் குலைத்தது மனிதக் கைதான். தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில் மரத்தையும், விறகுக்கும் தைலத்துக்கும் காகிதக் கூழுக்கும் யூகலிப்டஸையும், அவற்றுடன் பைன் மரத்தையும் புல்வெளிகளில் நட்டார்கள். 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, அந்த நாற்பது ஆண்டுகளில் பழனி மலையின் புல்வெளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டங்களாகவும் விளைநிலங்களாகவும் மாறிவிட்டதைக் காட்டியது. சுற்றுலாப் பயணிகள் நிழற்படம் எடுத்துக்கொள்ளும் பைன் காடும் அப்படி நடப்பட்டதுதான்.

யூகலிப்டஸ் எரிவது எப்படி என்று செட்டிநாட்டாருக்கு விளக்கத் தேவையில்லை. புதுக்கோட்டைப் பக்கத்துத் தைலமரக் காடுகளில் கோடையில் சருகு கால் புதையக் கிடப்பதை நாம் பார்த்திருக்கிறோம். இலையில் எண்ணெய் இருப்பதால் அது சட்டென்று பற்றிக்கொள்ளும். நீளநீளமாக உரிந்து தொங்கும் பட்டை எரிந்தபடியே காற்றில் பறந்து, தீ பரவாதிருக்க வெட்டிவைத்த இடைவெளியைத் தாண்டி அடுத்த சரிவில் போய் விழும். வாட்டிலின் கதை இன்னும் வருத்தம் தருவது. அதன் விதைகள் மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, தீயின் சூடு பட்டதும் முளைக்கின்றன. ஆகவே ஒரு முறை எரிந்த இடத்தில் முன்னைவிட அடர்த்தியாக வாட்டில் எழுகிறது. அடுத்த தீக்கான விறகை இந்தத் தீயே வளர்த்துவிட்டுப் போகிறது.

பற்றவைப்பது யார் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் மனிதர்கள் என்பதே விடை. புதுப்புல் துளிர்க்கட்டும் என்று மேய்ச்சலுக்காக வைப்பது, பட்டா நிலத்தில் முட்செடிகளை அழிக்க வைத்தது காட்டுக்குள் தாவுவது, சாலையோரம் அணைக்காமல் எறியும் பீடி, சிகரெட் என்று காரணங்கள் பல. காப்புக்காட்டில் தீ வைப்பது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். வனத்துறை கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டுகிறது. வேட்டைத்தடுப்புக் காவலர்களும் மலைக்கிராமத்தாரும் பச்சைத் தழைகளால் அடித்தே பெரும்பாலான தீயை அணைக்கிறார்கள். வண்டி ஏற முடியாத சரிவில், தண்ணீர் இல்லாத இடத்தில், அதைத் தவிர வேறு வழியும் அதிகம் இல்லை. சரிவில் தீ மேல்நோக்கி ஏறும்போது அதன் சுவாலை மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது; சரிவு 10 பாகை கூடும்போதெல்லாம் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பவர்களின் நடைமுறைக் கணக்கு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இந்தக் கணக்குடன் சேர்த்துத்தான் புரிந்துகொள்ள முடியும். அதன் பிறகே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் தமிழ்நாட்டில் வந்தன. தீப்பருவத்தில் ஒரு பாதை மூடப்பட்டிருந்தால், உள்ளூர் வழிகாட்டி குறுக்கு வழி காட்டுகிறேன் என்றாலும் போகக்கூடாது.

பயணிகளில் மிகச் சிலரே தீயைக் கண்ணால் பார்ப்பார்கள். அவர்கள் எதிர்கொள்வது புகையைத்தான். அதன் நடமாட்டத்தைப் புரிந்துகொள்ள மலைக்காற்றின் அன்றாடப் போக்கைத் தெரிந்துகொண்டால் போதும். பகலில் வெயில் பட்டுச் சூடேறும் சரிவுகளை ஒட்டிக் காற்று மேல்நோக்கி ஏறும். இரவில் சரிவுகள் குளிர்ந்ததும் கனத்த குளிர்காற்று கீழ்நோக்கி வழியும். நம் ஊரில் மழைநீர் வரத்துக்கால் வழியாக ஊருணிக்குள் வந்து சேர்வதைப் போல, அந்தக் குளிர்காற்று மலையின் பள்ளங்களில் வந்து தேங்குகிறது. கொடைக்கானல் ஏரி அப்படிப்பட்ட ஒரு கிண்ணத்தில்தான் இருக்கிறது. ஓடைகளைத் தடுத்து 1863-இல் ஏரி அமைக்க முடிந்ததே அந்த நிலத்தின் வடிவத்தால்தான். காற்றில்லாத இரவில் கீழே குளிர்காற்றும் மேலே சற்று வெதுவெதுப்பான காற்றும் அடுக்காக நின்றுவிட்டால், பானைக்கு மூடி போட்டதுபோல ஆகிவிடும். உள்ளே வந்த புகை வெயில் ஏறும்வரை வெளியேறாது.

இதிலிருந்து பயணிகளுக்கு வேண்டிய கணக்கு கிடைக்கிறது. பெரியகுளம், தேவதானப்பட்டிப் பக்கத்துக் கீழ்ச்சரிவுகளில் எரிந்தால், முற்பகல் முடிந்து வெயில் உறைக்கும் நேரத்தில் புகை மேலேறி, தெற்குச் சரிவின் விளிம்பில் இருக்கும் கோக்கர்ஸ் வாக், வட்டக்கானல் போன்ற இடங்களை முதலில் மூடும். அங்கே காலைப் பொழுதுதான் தெளிவாக இருக்கும். ஊரைவிட உயரமான முகடுகளிலோ அருகிலுள்ள காடுகளிலோ எரிந்தால் நிலைமை தலைகீழ்: இரவெல்லாம் புகை வழிந்து இறங்கி, விடிகாலையில் ஏரிக்கரையில் மிக அடர்த்தியாக நிற்கும், பத்து, பதினொரு மணிக்கு மேல்தான் கலையும். ஏரியைச் சுற்றியுள்ள ஐந்து கிலோமீட்டர் சாலையில் விடியற்காலையில் சைக்கிள் மிதிப்பது கொடைக்கானலில் எல்லோரும் விரும்பும் பழக்கம். அப்படிப்பட்ட நாளில் அதைவிடக் கெட்ட நேரம் வேறில்லை. மேல்மலையில் தீ இருக்க மேற்கிலிருந்து காற்று வீசினால் நகரம் முழுவதும் பாதிக்கும். காற்று திரும்பிவிட்டால் அதே தீயின் புகை ஊரை எட்டாமலே போகக்கூடும். எனவே தீ எத்தனை கிலோமீட்டர் தொலைவு என்று மட்டும் கேட்பதால் பயன் குறைவு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் 1899-இல் தொடங்கப்பட்டதற்கு அந்த மலையின் உயரமும் தூசியற்ற வானமும் முக்கியக் காரணங்கள். சூரியப் புள்ளிகளில் வாயு நகரும் முறையை வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1909-இல் அங்கிருந்துதான் கண்டறிந்தார். ஒரு நூற்றாண்டுக்கு முன் அந்த மலையின் பெருமையே தெளிந்த காற்றுதான் என்று நினைக்கும்போது, இன்று பகல் வெயிலைச் செம்மஞ்சளாக்கும் புகையைப் பார்ப்பது மனத்தை வதைக்கிறது.

புகையா பனிமூட்டமா என்ற குழப்பம் சாதாரணமானது, எங்களுக்கும் நேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஏப்ரல் இறுதியில், இழைப்பு உள்ள என் தாயாரை அழைத்துக்கொண்டு போயிருந்தோம். பெருமாள்மலைக்கு மேல் வெள்ளையாக ஏதோ தொங்கியது. தங்கிய விடுதியில் கேட்டபோது ‘பனிதான், சீசனில் இப்படித்தான் இருக்கும்’ என்றார்கள். நம்பினோம். இரவு இரண்டு மணிக்கு அம்மா எழுந்து உட்கார்ந்துகொண்டார்கள். இன்ஹேலரை அடுத்தடுத்து எடுக்க வேண்டியதாயிற்று. விடிந்ததும் கீழே இறங்கிவிட்டோம். வத்தலக்குண்டில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் முழு மூச்சு விட்டதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கை நடுக்கம் நின்றது.

அன்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவை எளியவை. பனிமூட்டம் தூய வெள்ளை. முகத்தில் ஈரம் தட்டும், மூக்குக்கண்ணாடியில் நீர் கோர்க்கும், வாசம் இருக்காது, பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மெத்தென்று ஏறி வந்து போகும். புகை சற்றுப் பழுப்பாகவோ நீலம் பூத்தோ இருக்கும். கண் எரியும், தொண்டை வறளும், சூரியன் நடுப்பகலிலும் ஆரஞ்சு வட்டமாகத் தெரியும், வண்டியின் மேல் சாம்பல் துகள் படியும். இரண்டும் கலந்தும் வரலாம் என்பதால், வெள்ளையாக இருக்கிறதே என்று நிம்மதி அடைய முடியாது. எரிந்த வாசம் வருகிறதா என்பதை மூக்கால் சோதிப்பதே நம்பகமானது. ஆனால் அரை மணி நேரத்தில் மூக்கு அந்த வாசத்துக்குப் பழகிவிடும். ஆகவே வண்டியிலிருந்து இறங்கும் முதல் நிமிடத்திலேயே அதைக் கவனிக்க வேண்டும்.

காட்டுப்புகையில் கார்பன் மோனாக்சைடு, ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற வாயுக்கள் இருந்தாலும், தொலைவிலுள்ள பயணிகளுக்கு அதிகம் கேடு செய்வது பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள்தான். 2.5 மைக்ரோமீட்டர் என்பது தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ இருபத்தைந்தில் ஒரு பங்கு. மூக்கும் தொண்டையும் அதைத் தடுப்பதில்லை. நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை சென்று, அதில் ஒரு பகுதி இரத்தத்திலும் கலக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மட்டுமன்றி இதய நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது ஆபத்து என்பது இதனால்தான். குழந்தைகள் உடல் எடைக்கு ஒப்பிடப் பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள். அத்துடன் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. ஆரோக்கியமானவர் இதை உணரமாட்டார். ஏற்கனவே மூச்சுக்குச் சிரமப்படுகிறவருக்கு, உயரமும் புகையும் சேர்ந்து இரட்டைச் சுமையாகின்றன.

காற்றின் தரத்தைச் செல்பேசியில் பார்க்கும் வழக்கம் வந்துவிட்டது. அந்த எண்ணை வாசிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் பிஎம் 2.5 என்பது இந்தியாவின் 24 மணி நேர வரம்பு. அந்தக் காற்று இந்தியக் குறியீட்டில் 100 என்று, ‘திருப்தி’ வகையின் எல்லையில் காட்டப்படும். அதே காற்றை அமெரிக்கக் குறியீட்டைப் பின்பற்றும் செயலி 150-க்கு மேல் என்று காட்டி, எல்லோருக்கும் கேடு என்ற சிவப்பு நிறம் பூசும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த 24 மணி நேர அளவோ 15 மைக்ரோகிராம்தான். எனவே குறியீட்டு எண்ணை விட்டுவிட்டு மைக்ரோகிராம் அளவைப் பார்ப்பதே தெளிவு. அருகில் அளவுக்கருவி இல்லாத மலைப்பகுதிகளுக்குச் செயலிகள் காட்டுவது பெரும்பாலும் கணினி மதிப்பீடு. ஒரு பள்ளத்தாக்கில் தேங்கிய புகை அதில் தெரியாமலே போகலாம். தீ எங்கே என்று அறிய இந்திய வனஆய்வு நிறுவனமும் நாசாவும் வெளியிடும் செயற்கைக்கோள் தீப்புள்ளி வரைபடங்கள் உதவும். ஆனால் மேகம் மறைத்தால் அவையும் குருடுதான். இவற்றையெல்லாம்விட, மலையில் இருக்கும் ஒரு கடைக்காரரையோ ஓட்டுநரையோ தொலைபேசியில் அழைத்து, ‘எதிர் முகடு தெரிகிறதா, காலையில் வாசம் வருகிறதா’ என்று கேட்பது எனக்கு அதிகம் பயன்பட்டிருக்கிறது.

‘விறகடுப்புப் புகையிலேயே வளர்ந்தவர்கள் நாங்கள், இதெல்லாம் ஒரு புகையா’ என்று சொல்லும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. என் அப்பத்தாவும் அப்படித்தான் சொல்லுவார்கள். அந்த வாதத்தை மரியாதையுடன் மறுக்க வேண்டியிருக்கிறது. செட்டிநாட்டு வீட்டில் அடுப்படி கடைசிக் கட்டில், திறந்த முற்றத்தை ஒட்டி இருந்தது. புகைக்கு வானம் திறந்திருந்தது. அப்படி இருந்தும் பல்லாண்டு அடுப்படியில் நின்ற பெண்களுக்கு வயதான காலத்தில் வந்த தீராத இருமலை நாம் வயதின் கணக்கில் எழுதிவிட்டோம். விறகுப்புகை நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு ஒரு காரணம் என்பது இன்று மருத்துவத்தில் ஐயமற்ற செய்தி. புகையில் வளர்ந்தவர்கள் என்பதாலேயே அவர்களுக்குப் பாதுகாப்பு அதிகம் வேண்டும்.

முடிவுக்கு வருவோம். இழைப்போ இதயக்கோளாறோ உள்ளவர், கர்ப்பிணி, கைக்குழந்தை ஆகியோரில் ஒருவரேனும் உடன் வருவதாக இருந்து, ஊருக்குள் புகை இருப்பது உறுதியானால், பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும்; முன்பணம் போனாலும் போகட்டும். 2024 மே 7 முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் 2025 கோடையில் உயர்நீதிமன்றம் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பு வைத்ததுபோல வரம்பு இருக்கும் காலத்தில், வேறு தேதிக்குப் பாஸ் கிடைப்பது எளிதாக இராது. வார நாட்களையே மாற்றுத் தேதியாக வைத்துக்கொள்வது நல்லது.

மற்றவர்கள் போவதென்றால் சில ஏற்பாடுகள் போதும். துணி முகக்கவசமும் ஈரத்துண்டும் நுண்துகளைத் தடுக்காது; என்95 முகக்கவசம் மூக்கின் இருபுறமும் இடைவெளியின்றிப் பொருந்தினால் தடுக்கும், ஆனால் வாயுக்களைத் தடுக்காது. குழந்தைகளின் முகத்துக்கு அது சரியாகப் பொருந்துவதில்லை என்பதால் அவர்களை உள்ளே வைத்திருப்பதே வழி. மலைப்பாதையில் ஏசியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்குவது நம் வழக்கம். வாந்தி வரும் பிள்ளைகளுக்கு அது ஆறுதலும்கூட. புகையுள்ள வளைவுகளில் மட்டும் கண்ணாடியை ஏற்றி, வெளிக்காற்று உள்ளே வராத நிலையில் ஏசியை வைத்துக் கடந்துவிட்டு, தெளிந்த இடத்தில் நிறுத்தி இறங்கலாம். அறையில் கதவிடுக்குகளில் ஈரத்துணி வைத்து, கணப்பும் கொசுவர்த்தியும் ஏற்றாமல் இருக்க வேண்டும். விடுதியின் தோட்டத்தில் இரவில் மூட்டும் நெருப்பை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். காடு எரியும் நாளில் நம் மகிழ்ச்சிக்கு ஒரு தீ மூட்டுவது எனக்கு ஒப்பவில்லை. படகுக்குப் போகலாம், ஓட்டமும் சைக்கிளும் வேண்டாம், ஏனெனில் உடல் உழைக்கும்போது மூச்சின் அளவு பல மடங்காகிறது. நெஞ்சு இறுகினாலோ, பேசும்போது மூச்சு வாங்கினாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108 அங்கும் உண்டு.

நாம் கீழே இறங்கிவிடலாம். அங்கேயே பூண்டும் காரட்டும் பயிரிடுகிறவர்கள், குதிரை ஓட்டுகிறவர்கள், தழையை வீசித் தீயை அணைக்கிறவர்கள் அந்தப் புகையிலேயே மாதக்கணக்கில் வாழ்கிறார்கள். மலைக்குப் போகும்போது இரண்டு பெட்டி என்95 கூடுதலாக வாங்கிச்சென்று, தங்கும் இடத்தில் வேலைசெய்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டு வரலாம்.

எப்போது போவது என்பதற்கு என் அனுபவத்தில் ஒரு குறி உண்டு. மலையில் முதல் நல்ல கோடைமழை பெய்த செய்தி வந்ததும் நாங்கள் உடனே கிளம்புவதில்லை. நனைந்த கட்டைகளும் சருகுக்குவியல்களும் சில நாட்கள் கனன்று புகைந்துகொண்டிருக்கும். இரண்டாவது மழையும் பெய்யட்டும் என்று காத்திருக்கிறோம். சென்ற முறை அதுவரை அம்மா காரைக்குடி வீட்டிலேயே, நண்பகலிலும் குளிர்ந்திருக்கும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். வைகாசி கடைசியில் மலைக்குப் போனோம். எதிர் முகட்டின் மரங்கள் தனித்தனியாகத் தெரிந்தன. அம்மா ஏரிக்கரையில் பாதித் தூரம் நடந்தார்கள்.